உரசாத டயர்: ஐஸ்லாந்துக்காரர்கள் ஜீப்பை வெட்டிய வரலாறு



வரலாறு என்றாலே ராஜா, போர், ஒப்பந்தம் என்றுதான் இருக்க வேண்டுமா என்ன? பட்டறையில் நடந்த வரலாறும் உண்டு. இந்தக் கட்டுரை ஒரு டயரின் வரலாறு. இன்னும் சரியாகச் சொன்னால், தன் அளவுக்கு மீறிய டயரை ஒரு ஜீப்புக்குள் நுழைத்துவிட்ட ஒரு சின்ன நாட்டின் வரலாறு.

ஜீப்போ எஸ்.யூ.வி.யோ வைத்திருப்பவர்களில் பலருக்கு ஓர் ஆசை இருக்கும். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்று மாட்ட வேண்டும். மாட்டியும் விடுவார்கள். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், அல்லது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால், 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். டயர் மட்கார்டில் உரசுகிறது!

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து, "வண்டியைத் தூக்கு" என்பதுதான். உயரமான ஸ்பிரிங் போடு, டயருக்கு இடம் கிடைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே சிக்கலை உயிர்ப் பிரச்சினையாகச் சந்தித்த ஐஸ்லாந்துக்காரர்கள் கண்ட மருந்து வேறு. "வண்டியைத் தூக்காதே, வெட்டு" என்றார்கள். ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் கணக்கு

பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்கு வரும் டயர் அளவுகளில் ஒன்று 265/65 ஆர்17. அதன் விட்டம் சுமார் 30.6 அங்குலம். அந்த இடத்தில் 38 அங்குல டயரை வைத்தால் விட்டம் 7.4 அங்குலம் கூடுகிறது. அச்சிலிருந்து பார்த்தால் எல்லாத் திசையிலும் 3.7 அங்குலம்.

கீழ்ப்பக்கம் கூடிய 3.7 அங்குலம் லாபம். ஆக்ஸிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலும் தரையிலிருந்து அவ்வளவு உயரும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த லாபம் வராது. ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே அல்லவா இருக்கிறது! ஆக்ஸிலை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

மேலேயும் முன்னேயும் பின்னேயும் கூடிய 3.7 அங்குலம்தான் தலைவலி. போதாக்குறைக்கு டயர் அகலமும் பத்தரை அங்குலத்திலிருந்து பதினைந்தரைக்குப் போய்விடும்.

டயர் ஓரிடத்தில் நிற்கும் பொருளும் இல்லை. மேடு பள்ளத்தில் மேலும் கீழும் போகிறது. முன் சக்கரம் என்றால் இடமும் வலமும் திரும்புகிறது. ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது ஆக்ஸிலே சாய்கிறது. இந்த மூன்று அசைவும் ஒரே நேரத்தில் நடக்கும்போது டயர் எங்கெல்லாம் போய்வருமோ, அவ்வளவு இடமும் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரசும்.

ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும்? வண்டி சும்மா நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். ஆனால் பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கினால், ஆக்ஸில் மேலேறி சேஸியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் முட்டி நிற்கும். அந்தக் கட்டை பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. எனவே டயரும் பழைய உயரத்துக்கே ஏறிவிடும். உரசல் தள்ளிப்போனதே தவிரப் போகவில்லை. கட்டையை நீட்டி வைக்கலாம். ஸ்பிரிங் ஓடும் தூரம் குறைந்து வண்டி தூக்கித் தூக்கிப் போடும்.

சரி, ரிம்மை வெளியே தள்ளி வைத்தால்? உள்பக்கம் சேஸியில் உரசுவது நிற்கும். ஆனால் திரும்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டமடித்து, வெளிப்பக்கம் மட்கார்டின் ஓரத்தில் போய் இடிக்கும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் போர்வை மாதிரி!

பனிக்கு நடுவே ஒரு நாடு

இப்போது ஐஸ்லாந்துக்குப் போவோம். 1980-களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் கடலோரத்தில் வாழ்கிறார்கள். நாட்டின் நடுப்பகுதி எரிமலைக் குழம்பு உறைந்த பாலை, ஆறுகள், பனியாறுகள். வட்நாயோகுல் என்ற ஒரே பனியாறு மட்டும் ஏறத்தாழ 7,700 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி வரும் ரிங் ரோடே 1974-இல்தான் முழுமை பெற்றது.

இந்தப் பனிமேட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால் என்ன கதி என்பதை 1950 செப்டம்பரில் அந்த நாடே பார்த்தது. லக்ஸம்பர்கிலிருந்து வந்த 'கெய்சிர்' என்ற சரக்கு விமானம் வட்நாயோகுல் மேல் விழுந்தது. உள்ளே ஆறு பேர். ஆறு பேரும் பிழைத்தார்கள்! ஆனால் அவர்கள் உயிரோடிருப்பது நான்கு நாள் கழித்தே தெரிந்தது. மீட்கப் பனிச்சறுக்குக் கட்டை பூட்டிய அமெரிக்க விமானம் ஒன்று அங்கே இறங்கியது. இறங்கிய விமானத்தால் மறுபடி ஏற முடியவில்லை. கடைசியில் வடக்கே அகுரேரி ஊரிலிருந்து பனிச்சறுக்கில் வந்த மீட்புக்குழுதான் எல்லோரையும் கீழே கூட்டி வந்தது. பனியில் மாட்டிய அந்த அமெரிக்க விமானத்தை, அடுத்த ஆண்டு ஐஸ்லாந்துக்காரர்கள் தோண்டி எடுத்துப் பறக்கவிட்டார்கள் என்பது தனிக்கதை.

அந்தக் காலத்தில் பனிமேட்டுக்குப் போக பெல்ட் ஓடும் வண்டிகளை விட்டால் வழியில்லை. அவை மெதுவானவை, சாலையில் ஓடாதவை. பனியின் ஓரம் வரை லாரியில் ஏற்றிப் போக வேண்டும். ஊரிலிருந்து நேரே கிளம்பி, சாலையில் வேகமாக வந்து, அப்படியே பனிமேல் ஏறிப் போகும் ஒரு வண்டி இருந்தால்? அதுதான் கனவு.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது 1940 மே மாதத்தில் பிரிட்டிஷ் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் படை வந்தது. படையோடு வில்லிஸ் ஜீப்பும் வந்தது. போர் முடிந்ததும் விவசாயிகள் ஜீப்பை விடவில்லை. பிறகு லேண்ட் ரோவர் வந்தது. மீனுக்குப் பண்டமாற்றாகச் சோவியத் நாட்டு ஜீப்புகள் வந்தன. 1960-களில் ஃபோர்டு பிரான்கோ வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை.

ஆனால் வில்லிஸ் ஜீப்பின் டயர் சுமார் 28 அங்குல விட்டம், அகலம் ஆறு அங்குலம்தான். கெட்டியான சேற்றுக்கு அது சரி. ஆழப் பனியில் அது கத்தி மாதிரி இறங்கிவிடும்.

மாற்றம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960-களிலேயே கலிபோர்னியாவில் டிக் செபெக் என்பவர் பாலைவன மணலில் ஓட்டுபவர்களுக்கு அகலமான டயர்களை விற்க ஆரம்பித்திருந்தார். அங்கே அகல டயர்ச் சந்தை வளர்ந்தது. 1980-களில் 38 அங்குலம், பிறகு 44 அங்குல டயர்கள் ஐஸ்லாந்துக் கரையில் இறங்கின. மணலுக்கும் சேற்றுக்கும் செய்த டயரை ஐஸ்லாந்துக்காரர்கள் பனியில் சோதித்தார்கள். அதில் ஒரு ரகசியம் கிடைத்தது.

காற்றை இறக்கு!

ரகசியம் டயரின் அளவில் பாதிதான். மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. சாலையில் 30 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓடும் டயரைப் பனியில் 3 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிடுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு!

2,400 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 600 கிலோ. 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ, தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 285 சதுர சென்டிமீட்டர், ஒரு செருப்பளவு. 3 பி.எஸ்.ஐ. என்றால் அழுத்தம் 0.21 கிலோ, பரப்பு பத்து மடங்கு. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமை தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். 75 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் அழுத்தம் சுமார் 0.3 கிலோ. ஆக, நடந்து போகும் மனிதனின் கால் புதையும் பனியில் இரண்டரை டன் வண்டி புதையாமல் போகிறது!

ஆனால் சும்மா கிடைக்குமா? காற்று இறங்கிய டயர் பக்கவாட்டில் தொந்தி மாதிரி பிதுங்கும். சாலையில் உரசாத டயர் பனியில் உரச ஆரம்பிக்கும். பட்டறையில் அளந்து வைத்த இடைவெளி மலையில் பொய்த்துப்போகும். வெட்டிய மட்கார்டின் கூரான தகட்டு ஓரம் மெல்லிய பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால்? மைனஸ் இருபது டிகிரியில், அருகில் வீடே இல்லாத பனிவெளியில், மனித உயரத்தில் பாதிக்கு மேல் வரும் டயருக்கு ஸ்டெப்னியை எங்கே வைத்திருப்பது? நம்மூர்ச் சாலையில் உரசல் ஒரு சத்தம். அங்கே அது ஆபத்து.

இன்னொரு தொல்லை, காற்றில்லாத டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அதற்கு டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள் வந்தன. அப்படியும் கழன்றால், எரியும் வாயுவை உள்ளே கொஞ்சம் விட்டு நெருப்பு வைப்பார்கள். 'டொம்' என்ற வெடிப்பில் டயர் ரிம்மில் போய் உட்காரும். (தயவுசெய்து யாரும் வீட்டில் முயலாதீர்கள்!)

தூக்குவதா, வெட்டுவதா?

இதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? செயின்ட் லூயிஸ் நகரத்து பாப் சாண்ட்லர் தன் 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு பிக்கப்பில் பெரிது பெரிதாக டயர் மாட்டிக்கொண்டே போனார். டயர் வளர வளர வண்டியை மேலே மேலே தூக்கினார். பிக்ஃபுட் என்று பெயர். 1981-இல் 48 அங்குல டயரோடு பழைய கார்கள் மேல் ஏறி நசுக்கிக் காட்டினார். மான்ஸ்டர் டிரக் என்ற வேடிக்கை விளையாட்டே அதிலிருந்துதான் பிறந்தது.

தூக்கும் வழியின் உச்சம் அது. மைதானத்தில் சரி. ஆனால் அந்த உயரத்தோடு பனிமலைச் சரிவில் குறுக்காகப் போனால் வண்டி உருண்டுவிடும். ஐஸ்லாந்தில் காற்றும் பேய்க்காற்று. உயரமான வண்டி நெடுஞ்சாலையிலேயே ஆடும். அங்கே இந்த வண்டிகள் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போகும் வண்டிகள், குழந்தையைப் பள்ளியில் விடும் வண்டிகள். சனி, ஞாயிறில்தான் பனியாறு.

அதனால் அவர்கள் கொஞ்சமாகத் தூக்கி, நிறைய வெட்டினார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஆக்ஸிலை மேலே முட்டும் வரை தூக்கி, சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்ப்பது. எங்கே இடிக்கிறதோ அங்கே கோடு போட்டு வெட்டுவது. மட்கார்டின் வெளித்தகட்டை வெட்டினால் உள்தகடும் தெரியும். இரண்டையும் மடக்கி வெல்டிங் வைத்துத் துருப்பிடிக்காமல் மூடுவது. ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்துத் தகடு இடித்தால் அதையும் வெட்டி உள்ளே தள்ளி வெல்டிங் செய்வது. கதவின் ஓரமே குறுக்கே வந்தால் கதவையும் செதுக்குவது. வெளியே பிதுங்கும் டயரை மூட ஃபைபர் கிளாஸில் பெரிய ரெக்கை செய்து ஒட்டுவது. சாலை விதிப்படி டயர் வெளியே தெரியக் கூடாது. கல்லும் சேறும் பின்னால் வருபவர் மேல் தெறிக்கும் அல்லவா!

இவை எல்லாவற்றையும்விடத் துணிச்சலான வேலை, ஆக்ஸிலையே நகர்த்துவது. பெரும்பாலான வண்டிகளில் முன் டயர் பின்பக்கம், ஓட்டுநரின் கால் இருக்கும் சுவரில்தான் இடிக்கும். எனவே முன் ஆக்ஸிலைச் சில சென்டிமீட்டர் முன்னே தள்ளிப் பொருத்தினார்கள். பின் ஆக்ஸிலைப் பின்னே தள்ளினார்கள். உரசலும் தீர்ந்தது, சக்கரங்களுக்கு நடுவே நீளம் கூடியதால் வண்டி ஏற்றத்தில் நிதானமாகவும் போனது.

டயர் உரசாவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. 30.6-லிருந்து 38 அங்குலம் என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது 24 சதவீதம் அதிக தூரம் போகும். மீட்டரில் 80 காட்டினால் நிஜத்தில் கிட்டத்தட்ட 100. என்ஜினுக்கு எப்போதும் ஒரு கியர் மேலே ஓட்டுவது போல மூச்சு முட்டும். ஆக்ஸிலில் 4.1 விகிதம் இருந்தால் அதை 5.1-க்கு அருகில் கொண்டுபோக வேண்டும். கிரவுன், பினியன் மாற்றி, மீட்டரைத் திருத்தி, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சரிபார்த்தால்தான் அது வண்டி.

சட்டத்தோடு ஒரு பேச்சுவார்த்தை

இப்படி வெட்டி ஒட்டிய வண்டியை எந்த அரசாங்கம் சாலையில் விடும்? ஐஸ்லாந்திலும் கேள்வி எழுந்தது. 1983-இல் ஜீப்காரர்கள் சேர்ந்து 'ஃபோர் பை ஃபோர் பயணக் கழகம்' அமைத்தார்கள். வண்டி மாற்றும் விதிமுறைகள் பற்றி அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசியதில் அந்தக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. முடிவில் தடை வரவில்லை, விதி வந்தது. மாற்றலாம், ஆனால் தனியாகச் சோதனைக்குக் கொண்டுவந்து, மாற்றிய வண்டி என்று பதிவு செய்ய வேண்டும்.

என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான திருப்பம் இதுதான். தடை போட்டிருந்தால் திருட்டுத்தனமாக அரைகுறை வேலைகள் நடந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் விபத்துகள் பெருகியிருக்கும். சோதனை இருக்கிறது என்பதால் பட்டறைக்காரர் ஒழுங்காக வெல்டிங் வைத்தார். தன்னார்வ மீட்புக் குழுக்களும் இதே வண்டிகளை வாங்கின. பனிப்புயலில் மாட்டியவரைத் தேடி இன்றும் போவது அந்தப் பெரிய டயர் வண்டிகள்தான்.

துருவம் வரை

1990-இல் ஐஸ்லாந்து டொயோட்டா நிறுவனத்தின் ஒரு பிரிவாக ஆர்க்டிக் டிரக்ஸ் தொடங்கியது. பின்னர் தனி நிறுவனமானது. பட்டறைக் கைவேலை, அளவெடுத்த பொருளாக மாறியது. ஐஸ்லாந்தில் மாற்றிய லேண்ட் க்ரூஸர்கள் 1997-98 கோடையில் ஸ்வீடன் ஆய்வுக்குழுவோடு அண்டார்க்டிகா போயின. 2007-இல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சிக்காக, இந்த நிறுவனம் மாற்றிய ஹைலக்ஸ் கனடாவிலிருந்து கிளம்பி, வட காந்தத் துருவம் 1996-இல் இருந்த இடத்தை எட்டியது. 38 அங்குல டயரும் வெட்டிய மட்கார்டும் உலகத் தொலைக்காட்சியில் வந்தது அப்போதுதான். 2014-இல் ஃபின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் இவர்களோடு சேர்ந்து பனிக்கென்றே 44 அங்குல டயரை வெளியிட்டது. மணல் டயரைக் கடன் வாங்கிய காலம் போய், அவர்களுக்கென்றே டயர் வந்துவிட்டது!

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2010 நவம்பரில் இந்தியாவின் முதல் தென்துருவப் பயணம் மைத்ரி ஆய்வு நிலையத்திலிருந்து புறப்பட்டது. தலைமை ரசிக் ரவீந்திரா; குழுவில் எட்டுப் பேர். அவர்களைச் சுமந்து சென்றவை நான்கு ஆர்க்டிக் டிரக்ஸ் வண்டிகள். சுமார் 2,300 கிலோமீட்டர் பனியைக் கடந்து நவம்பர் 22 அன்று, கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்திலுள்ள தென்துருவத்தை எட்டினார்கள். ரெய்க்யவிக் பட்டறைகளில் தகடு வெட்டிக் கற்ற பாடம் நம் விஞ்ஞானிகளையும் கொண்டு சேர்த்தது.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகள் ஏறிப் பழகிய பனியே இப்போது கரைகிறது. ஐஸ்லாந்தின் ஓக் என்ற பனியாறு 2014-இல் பனியாறு என்ற தகுதியை இழந்தது; 2019-இல் அதற்கு நினைவுப் பலகை வைத்தார்கள். பெரிய டயரும் டீசலும் இதில் முழுக்க நிரபராதிகள் என்று சொல்ல முடியாது. பனியில்லாத தரையில் பாதையை விட்டு ஓட்டுவதை அந்த நாடு சட்டப்படி தடை செய்திருக்கிறது. பாசி படர்ந்த நிலத்தில் விழும் டயர்த் தடம் மறையப் பல்லாண்டு ஆகும்.

பெரிய டயர் மாட்ட ஆசைப்படும் நண்பர்களுக்கு இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். நிற்கும் வண்டியில் இடைவெளியை அளக்காதீர்கள். ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, ஸ்டியரிங் முழுதாக ஒடிந்து, டயர் பிதுங்கி நிற்கும் அந்த மோசமான நொடியை அளந்து பாருங்கள். அதில் உரசாத டயர் வேறெங்கும் உரசாது.